அப்பாவின் வண்டியும் ‘கதெக்சிஸ்’ என்ற சொல்லும்

மதுரை செல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: “அப்பா தறிக்காரர். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவருடைய பழைய டிவிஎஸ் 50 வாசலில் நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை, விற்றுவிடலாம் என்றால் அம்மா அழுகிறார். தினமும் காலையில் எழுந்ததும் அதைத் துடைத்து வைக்கிறார். ஒரு காணொளியில் இதற்குப் பெயர் ‘கதெக்சிஸ்’, அதாவது மன ஆற்றலை ஒரு பொருளில் முதலீடு செய்வது என்று சொன்னார்கள். அது என்ன? மனதில் உண்மையிலேயே ஆற்றல் என்று ஒன்று இருக்கிறதா? அம்மாவுக்கு இருப்பது நோயா? அவரை மறக்க வைக்க என்ன செய்யலாம்?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவை மறக்க வைக்க எதுவும் செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் மீதி முழுவதும். மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் உளவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் முகம் வாடிவிடும், ஏனென்றால் பாடநூலில் இதை ஏதோ மின்வாரியத்துச் சமாசாரம் போல எழுதியிருப்பார்கள். ஆனால் இது நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற விஷயம். உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறதே.

முதலில் அந்தச் சொல். ‘கதெக்சிஸ்’, நோயாளியைப் பேசவைத்தே மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு என்ற முறையைத் தொடங்கிய ஃபிராய்டு எழுதிய சொல் இல்லை. அவர் ஜெர்மன் மொழியில் ‘பெசெட்சுங்’ என்று எழுதினார். அது யாருக்கும் தெரிந்த சாதாரணச் சொல். ஓர் ஊரைப் படை வந்து பிடித்துக்கொள்வதும் பெசெட்சுங்தான், நாடகத்தில் இந்த வேடத்துக்கு இந்த நடிகர் என்று ஆள் போடுவதும் பெசெட்சுங்தான். அதே வேரிலிருந்து வரும் ‘பெசெட்ஸ்ட்’ என்பது அந்த ஊர்க் கழிவறைக் கதவில்கூட இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்.

வகுப்பில் இதை விளக்க நான் மாட்டுத்தாவணியைத்தான் துணைக்கு அழைப்பேன். தீபாவளிக்கு முந்தின இரவு, பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழும். துண்டு போட்டவர் இன்னும் கீழேதான் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் இடம் பிடித்தாயிற்று. இன்னொருவர் உட்காரப் போனால் பக்கத்து இருக்கைக்காரரே ‘ஆள் வருது’ என்று சொல்லிவிடுவார். மனசும் இப்படித்தான் ஓர் ஆளின் மேல், ஒரு பொருளின் மேல், ஒரு கருத்தின் மேல் துண்டைப் போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் இருக்கை இல்லை. உங்கள் அப்பாவின் வண்டியில் அம்மாவின் துண்டு கிடக்கிறது. உங்களுக்குத் தெரிவது பழைய இரும்பும் இரண்டு சக்கரமும். அவருக்குத் தெரிவது ஆள் இருக்கிற இடம்.

‘கதெக்சிஸ்’ என்பதை 1922ல் உருவாக்கியவர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி, ஃபிராய்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பிடித்துக்கொள்வது, கைக்கொள்வது என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து எடுத்தார். தேவையில்லாமல் கலைச்சொல் உண்டாக்குவது ஃபிராய்டுக்குப் பிடிக்காது, அதனால் இந்தச் சொல்லையும் அவர் முதலில் விரும்பவில்லை. பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர்கள் முதலீடு என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். நீங்கள் காணொளியில் கேட்டதும் அந்தப் பக்கத்துச் சொல்தான். எனக்கு அது உவப்பாக இல்லை. முதலீடு செய்தவன் லாபம் எதிர்பார்ப்பான், நட்டம் என்று தெரிந்தால் பணத்தை எடுத்து வேறு இடத்தில் போடுவான். அம்மா அந்த வண்டியிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. ‘பற்று’ இருக்கிறது. பிடித்துக்கொள்வது, தீப் பற்றுவது, தலைவலிக்கு நெற்றியில் போடும் சுக்குப் பற்று, கடைக் கணக்கில் எழுதும் பற்று வரவு என்று அத்தனைக்கும் அதே சொல். அதைவிட எளியது ‘வை’ என்ற வினை. ‘மகன் மேல உயிரையே வச்சிருக்கா’ என்கிறோம். ‘அந்த வீட்டு மேல ஆசை வச்சுட்டாரு’ என்கிறோம். ‘கொள்கை மேல பிடிப்பு வச்சவரு’ என்கிறோம். ஆள், பொருள், கருத்து மூன்றும் வந்துவிட்டன பாருங்கள். உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்து வெளியே இன்னொன்றின் மேல் வைக்கிறோம் என்று, எந்த உளவியலும் படிக்காத பாட்டி சொல்லிவிடுகிறாள்.

எடுக்கும்போது மட்டும் நம் பேச்சு மாறிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? ‘வைத்த பாசத்தை எடுத்துவிட்டேன்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘விட்டுப்போச்சு’ என்கிறோம், ‘அத்துப்போச்சு’ என்கிறோம். வைத்தது நான், விட்டுப்போனது தானாக. ‘மறந்துடு’ என்று அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் அது ஏதோ கையால் செய்யக்கூடிய வேலை போல ஆகிவிடுகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, ஆற்றல் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? ஃபிராய்டு நரம்பு மருத்துவர். இளமையில் வியன்னாவில் எர்ன்ஸ்ட் புரூக்கேயின் உடலியங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847ல் எழுதியது அந்தத் தலைமுறை மருத்துவர்களுக்குப் பால பாடம். ஆகவே மனதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஃபிராய்டுக்கு அந்த மொழிதான் கைக்கு வந்தது. 1894ல் எழுதிய ஒரு கட்டுரையில், நினைவுகளின் மேல் ஏதோ ஒன்று மின்னூட்டம் போலப் பரவியிருக்கிறது, அது கூடும், குறையும், இடம் மாறும், ஆனால் அளக்கத்தான் நம்மிடம் வழியில்லை என்கிறார். அடுத்த ஆண்டு, மனதை முழுக்க நரம்பணுக்களாகவும் அவற்றுக்குள் ஓடும் ஓர் ‘அளவு’ ஆகவும் விளக்கப் பார்த்து, நீண்ட கையெழுத்துப் படி ஒன்றை பெர்லினில் இருந்த நண்பர் ஃப்லீசுக்கு அனுப்பினார். அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1939ல் அவர் இறந்து, 1950ல்தான் அது வெளிவந்தது. நரம்பணுக் கணக்கை அவர் கைவிட்டார், ஆனால் பெசெட்சுங் என்ற சொல்லைக் கடைசிவரை விடவில்லை.

நேராகச் சொல்கிறேன். இந்த ஆற்றலை இதுவரை எந்தக் கருவியாலும் யாரும் அளந்ததில்லை. அதற்கு அலகு கிடையாது. உளப்பகுப்பாய்வுக்கு உள்ளேயே எதிர்ப்பு வந்தது. மனிதன் தேடுவது உள்ளே தேங்கியதை வடித்துவிட ஒரு வழியை இல்லை, இன்னொரு மனிதரைத்தான் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஃபேர்பேர்ன் 1940களில் வாதிட்டார். தாய் சேய்ப் பிணைப்பைப் பற்றி ஜான் பவுல்பி எழுதியபோது ஆற்றல் என்ற பேச்சையே ஒதுக்கி வைத்தார். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே அம்மாவின் தலைக்குள் ஏதோ மின்சாரம் ஓடி அந்த வண்டியில் இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ‘மனசு கனமா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் நாம் தராசு தேடுவதில்லை, அதற்காக அது பொய்யும் இல்லை. ஃபிராய்டின் ஆற்றலையும் அந்த மாதிரி எடுத்துக்கொள்ளலாம். மனசு ஒன்றின் மேல் அதிகம் வைத்தால் மற்றவற்றுக்குக் குறைகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவுகிறது. தாவ முடியாமல் சிக்கியும் கொள்கிறது. இந்த மூன்றும் எல்லோர் வாழ்விலும் பார்க்கக்கூடியவை.

1914ல் எழுதிய கட்டுரையில் அவர் பல்வலியை எடுத்துக்கொள்கிறார். வலி இருக்கும்வரை காதல்கூடச் செய்ய முடியாது, ஆன்மா முழுவதும் அந்தப் பல்லின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருப்பவருக்குக்கூட, கடைவாய்ப் பல் குடையும் அன்று தங்கம் விலை காதில் ஏறாது. அதே கட்டுரையில் அமீபாவும் வருகிறது. உடலிலிருந்து கால் போல ஒன்றை நீட்டும், தேவையானால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாமும் மனசை வெளியே நீட்டுகிறோம், அடிபட்டால் இழுத்துக்கொள்கிறோம். நோயாளி எல்லோர் மீதும் ஆர்வம் இழந்துபோவதும், குணமாக ஆக அக்கம்பக்கம் விசாரிக்கத் தொடங்குவதும் இதனால்தான். காய்ச்சலில் கிடக்கும் பாட்டி ‘எதிர்வீட்டுல என்ன சத்தம்’ என்று கேட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நம் வீடுகளில் தெரிந்துகொள்வோம்.

ஆளின் மேல் வைப்பது எளிதாகப் புரியும். பொருளின் மேல், கருத்தின் மேல் எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா என்பேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன், பெட்டியிலிருந்து எடுக்கும் பட்டு என்ன நிறம் என்று ஊரே காத்திருக்கும். பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு. வைகைக் கரையில் இரவெல்லாம் நிற்கும் அத்தனை பேருடைய மனசும் ஒரு துண்டுத் துணியில் போய் நிற்கிறது.

இன்னொரு துணி காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி தன் உடையை நான்கு முழ வேட்டியாகக் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் பார்த்த ஏழைகளின் உடம்பில் இருந்ததைவிட அதிகம் தனக்கு எதற்கு என்ற கருத்து, அன்றைக்கு அந்த நான்கு முழத் துணிக்குள் வந்து குடியேறியது. பிறகு 1948 ஜனவரி 30. அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியை ராணி மங்கம்மாளின் பழைய மாளிகையில் இயங்கும் அந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மற்ற அறைகளில் கத்திக்கொண்டே ஓடும் பிள்ளைகள் அந்த அறைக்கு வந்ததும் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாரும் அதட்டுவதில்லை. உங்கள் அப்பா தறிக்காரர், அந்தத் துணி என்ன நம்பர் நூல், என்ன விலை போகும் என்று பார்த்ததும் சொல்லியிருப்பார். ஆனால் அவரும் அந்த இடத்தில் விலை பேசியிருக்க மாட்டார்.

கருத்துக்கு 2017 தை மாதத்தைச் சொல்வேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்திருந்தது. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்துத் தமுக்கம் மைதானத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்தவர்கள் இல்லை. அலங்காநல்லூர் வாடிவாசலை நேரில் பார்க்காதவர்களும் இருந்தார்கள். மாட்டை வளர்த்தவருக்குப் பாசம் மாட்டின் மேல். அந்தப் பிள்ளைகளுக்கு அது ‘நம்ம மண்ணு’ என்ற எண்ணத்தின் மேல். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒன்றின் மேல் மனசை வைக்கும்போது, அதன் வழியாகவே ஒருவருக்கொருவர் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஃபிராய்டு 1921ல் எழுதினார். முன்பின் தெரியாதவர்கள் அங்கே சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டதைப் பார்த்தபோது எனக்கு அந்த வரிகள்தான் நினைவுக்கு வந்தன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு மிகவும் வேண்டியது. மனசு ஒன்றைப் பிடித்துக்கொள்ள மட்டும் உழைப்பதில்லை, ஒன்றை உள்ளே வராமல் தடுக்கவும் உழைக்கிறது. இதை எதிர்ப் பிடிப்பு என்று தமிழில் சொல்லலாம். 1909ல் அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது ஃபிராய்டு அங்கேயே ஓர் உதாரணம் கட்டினார். இந்த மண்டபத்தில் ஒருவர் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்கிறார், நாலு பேர் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள், திரும்ப வந்துவிடக் கூடாதே என்று நாற்காலிகளைக் கதவோடு ஒட்டிப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். பேச்சு தொடரும். ஆனால் அந்த நாலு பேர் அங்கே உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

ஒரு சொத்துத் தகராறில் அண்ணனிடம் பதினோரு வருடம் பேசாமல் இருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ‘அந்தாளை நான் நினைக்கிறதே இல்ல’ என்பார். ஆனால் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் அண்ணன் வருவாரா என்று முதலில் விசாரிப்பார், பந்தியில் எந்தப் பக்கம் உட்காருவார் என்று பார்த்து மறுபக்கம் உட்காருவார். பதினோரு வருடமும் நாற்காலியைக் கதவோடு போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறந்த வீட்டில் அந்த அம்மா அழுததுபோல் வேறு யாரும் அழவில்லை.

இப்போது உங்கள் அம்மா அழும்போது வீட்டில் ‘அழாதம்மா’ என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அழுகையை நிறுத்திவிடுவார், உங்களுக்காக. ஆனால் துக்கத்தைச் சுமக்கும் வேலையோடு கதவைச் சாத்திப் பிடிக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. ஒருநாள் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வண்டியை அப்புறப்படுத்தினாலும் இதுவே நடக்கும். பிடித்திருந்த கை விடாது, வேறு எதையாவது பிடிக்கும், இல்லையென்றால் வெறுமையையே பிடிக்கும்.

இனி, துக்கம் பற்றிய ஒரு கட்டுரைக்கு வருகிறேன். துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு ஃபிராய்டு 1915ல் எழுதி 1917ல் அச்சான கட்டுரை அது. எனக்கு அவருடைய எழுத்துகளிலேயே மிகவும் நெருக்கமானது. துக்கம் ஒரு வேலை என்கிறார். ஆள் இல்லை என்று உலகம் சொல்கிறது, மனசுக்கும் தெரியும். ஆனால் வைத்த மனசை ஒரே வீச்சில் திருப்பி எடுக்க முடியாது. அந்த ஆளோடு பின்னிய ஒவ்வொரு நினைவும், ஒவ்வொரு எதிர்பார்ப்பும் தனித்தனியாக மேலே வரும். வரும்போது முன்னைவிடக் கூடுதலாகச் சுடரும். பிறகு அந்த ஒரு நினைவுக்கு மட்டும் ‘அவர் இல்லை’ என்ற செய்தி போய்ச் சேரும், அந்த ஓர் இழை தளரும். அடுத்த நாள் இன்னொன்று. இதற்குக் காலம் பிடிக்கும், ஆளும் ஓய்ந்துபோவார். எனவேதான் துக்க வீட்டுக்காரர் எதையும் செய்யாமல் களைத்துக் கிடக்கிறார்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. என் அம்மா இறந்த வருடம்தான் புரிந்தது. கல்லூரி விட்டு வரும்போது சிம்மக்கல்லில் இறங்கி அம்மாவுக்கு ஒரு முழம் மல்லி வாங்கிப்போவது இருபது வருடப் பழக்கம். அம்மா போன இரண்டாவது மாதம், ஒரு சித்திரை மாத சாயங்காலம், மல்லி மலிந்து கிடக்கும் நேரம், பூக்காரம்மா வழக்கம்போல் அளந்து வாழை இலையில் கட்டிக்கொடுத்தார், நானும் வழக்கம்போல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டு நிலைப்படி வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் கையில் இருக்கும் பூ யாருக்கு என்று தெரிந்தது. சுடுகாட்டில் வராத அழுகை அங்கே வந்தது. அம்மா இறந்த செய்தி என் மூளைக்கு எப்போதோ வந்துவிட்டது, பூ வாங்கும் கைக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூக்கடையைக் கடக்கும்போது வலித்தது, ஆனால் கை தானாக நீளவில்லை. ஓர் இழை.

நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். வந்து உட்கார்ந்த பெண்கள் பொதுவாக ‘போயிட்டீங்களே’ என்று மட்டும் அழுவதில்லை. அவர் குடித்த செம்பு, அவர் நட்ட வேப்பமரம், அவர் கூலி வாங்கி வந்த சனிக்கிழமை, அவர் வாங்கித் தந்த சேலை, அவர் கட்டிவைப்பேன் என்று சொல்லிப் போன மகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் இல்லை என்று நிறுத்தி அழுவார்கள். வியன்னாவில் ஒரு மருத்துவர் எழுத்தில் சொன்னதை நம் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு குரலில் செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பாரி பாடுகிறவர்கள் குறைந்துவருவது எனக்குப் பெரிய வருத்தம். இப்போது பல வீடுகளில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஓடுகிறது, அழுகிறவர்கள் அறைக்குள் போய்விடுகிறார்கள்.

ஒப்பாரி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் காகிதங்கள் செய்கின்றன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்துக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுத வேண்டும். அலுவலகத்தில் அதற்கு இரண்டு நொடி. எழுதும் ஆளுக்கு அது ஒரு முழு இழை. வண்டியின் ஆர்சி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் நாளில் அவசரமாக நீட்டிவிட்டு ஓடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த 1917 கட்டுரையைப் படித்தவர்கள் பலரும் அதை இப்படிப் புரிந்துகொண்டார்கள்: கடைசியில் எல்லா இழையும் விட்டுப்போய், மனசு முழுதாக விடுபட்டு, வேறு ஆளின் மேல் போய் உட்காரும், அதுதான் குணம். ஃபிராய்டும் அங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறார். பிறகு அவருக்கே நடந்தது. 1920 ஜனவரியில் மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். அவளுடைய இளைய மகன், தாத்தாவின் செல்லப் பேரன், 1923ல் இறந்தான். 1929 ஏப்ரலில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்டு ஒரு கடிதம் எழுதினார். அது சோஃபிக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்க வேண்டிய நாள். கடுமையான துக்கம் ஒருநாள் அடங்கும், ஆனால் நாம் ஆறுதல் அடைய மாட்டோம், ஈடு ஒன்று கிடைக்கவே கிடைக்காது, அந்த இடத்தை வேறொன்று முழுதாக நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும் என்கிறார். அதோடு, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும், விட மனமில்லாத அந்த அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்றும் எழுதினார். கோட்பாடு எழுதியவர் ஒருபக்கம், மகளை இழந்தவர் ஒருபக்கம். நான் இரண்டாமவரை நம்புகிறேன்.

பொருள்களின் விஷயத்திலும் அவர் உங்கள் அம்மாவுக்கு நெருக்கமானவர்தான். பழங்காலச் சிலைகள் 2000க்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார், எழுதும் மேசையில் அவை வரிசையாக நிற்கும். 1938ல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டுப் போகும்போது அவற்றை என்ன செய்வது என்பதே அவருக்குப் பெரும் கவலை. மரீ போனபார்ட் என்ற சிஷ்யை, ஒரு குட்டி அதீனா சிலையை மட்டும் முன்கூட்டியே மறைத்து வெளியே கொண்டுபோய்க் காப்பாற்றினார். கல்கத்தாவில் 1922ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் தரப்பிலிருந்து, ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று போனது. அதுவும் அந்த மேசையில் இடம் பிடித்தது.

அடுத்தது, நோயா இல்லையா. வண்டியைத் தினமும் துடைப்பதை மட்டும் வைத்து யாரும் நோய் என்று சொல்ல முடியாது. ஃபிராய்டு ஒரு வேறுபாடு சொல்கிறார், இன்றைக்கும் அது உதவும். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது. மனச்சோர்வில் ‘நான்’ வெறுமையாகிறது. ‘அவர் இல்லாத வீடு வீடா’ என்று அம்மா சொன்னால் அது துக்கம். ‘நான்தான் அவரைக் கொன்னுட்டேன், நான் எதுக்கும் லாயக்கு இல்லை, நான் போயிருக்கணும்’ என்று தன்னையே தின்றால் கவனிக்க வேண்டும். போனவர் மேல் இருந்த கோபமும் சேர்ந்து உள்ளே திரும்பிவிடுகிறது, அது போனவர் மேல் வந்த கோபம் என்று அம்மாவுக்கே தெரியாது.

இன்றைய மருத்துவம் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்காவின் டிஎஸ்எம் 5 டிஆர் வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று கணக்கு. எட்டு மாதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது, நாள் முழுவதும் விடாத ஏக்கம், அன்றாட வாழ்க்கை முடங்கிப்போவது, அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய அளவு எல்லாம் சேர்ந்தால்தான். நம் ஊரில் முதல் திதி வரை ஒரு வருடம் துக்கம் காப்பது வழக்கம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அம்மா சமைக்கிறாரா, தூங்குகிறாரா, பேரப்பிள்ளை வந்தால் சிரிக்கிறாரா, கோயிலுக்கோ கடைக்கோ ஒருமுறையாவது போய்வந்தாரா என்று பாருங்கள். இவை மெல்ல மெல்லத் திரும்பினால் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. சாப்பாடு, தூக்கம் போய், ‘நானும் போயிடுறேன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், கட்டணம் கிடையாது.

அது தவிர நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வண்டியை விற்பதா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அப்பா அந்த வண்டியில் அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப் போனார் என்று கேளுங்கள். தெப்பக்குளமா, அழகர்கோவிலா, நூல் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை நடை, மழையில் எங்கே நின்றது, யாரிடம் வாங்கியது, முதல் தவணை கட்ட எந்த நகை அடகுக்குப் போனது. பதில் சொல்லும்போது அழுவார். அழட்டும். முதல் தடவை ஒரு கதைதான் வரும், பிறகு ஒரு வாரம் ஒன்றும் வராது, திடீரென்று சோறு போடும்போது இன்னொன்று வரும். நீங்களும் அவருடைய மகன்தான், உங்கள் துண்டும் அந்த வண்டியில் கிடக்கிறது, ‘விற்றுவிடலாம்’ என்ற அவசரத்தில் பாதி உங்கள் வலியாகவும் இருக்கலாம். சின்ன வயதில் பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் நின்றுகொண்டு போயிருப்பீர்கள் இல்லையா, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் வண்டியைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். எட்டு மாதமாக ஓடாமல் நின்றால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி அதை வடித்துச் சுத்தம் செய்துவிட்டு, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்கும்போது அம்மா வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாசலுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கிளப்புங்கள்.